பந்து வராதவனை எங்கே எழுதுவது

அக்கா,

குளிருக்கு ஸ்வெட்டர் தேடி அலமாரியைக் கிளறியபோது உங்கள் தொப்பி காலடியில் விழுந்தது. யூகலிப்டஸ் தைல வாசம் இன்னும் போகவில்லை. மூக்கில் வைத்துப் பார்த்தேன், இது என்ன அசட்டுத்தனம் என்று மடித்து வைத்தேன், பிறகு எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டேன். திங்கட்கிழமை காலை ஏழரை மணி. டிவியில் அமெரிக்கக் கால்பந்து, ஆட்டத்தின் கடைசிக் கட்டம். சோபாவிலிருந்து ஜன்னலுக்கும், ஜன்னலிலிருந்து சமையலறைக்கும், உங்கள் பாஷையில் குசினிக்கும், நடந்துகொண்டிருக்கிறேன். வாரத்துக்கு மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம், கையை அசைக்காமல் ஒரே நாற்காலியில் கிடந்தவள் நான். இப்போது எந்த இயந்திரமும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. ஐந்து நிமிஷம் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

எல்லாம் இந்தத் தொப்பியால் வந்த வினை. 2009 குளிர்காலத்தில் நான் டயாலிஸிஸ் பிரிவுக்கு வந்து சேர்ந்தபோது நீங்கள் ஏற்கெனவே அங்கே பழைய ஆள். ஜன்னலோர நாற்காலி உங்களுடையது, அதற்கு அடுத்தது எனக்கு. ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும்போது உடம்பெல்லாம் நடுங்கும் என்று ஸ்பிரிங்வேல் மார்க்கெட்டில் இந்தக் கம்பளித் தொப்பியை வாங்கியிருந்தீர்கள். முன்பக்கம் இருந்த சின்னத்தைக் கம்பளிக் கம்பெனியின் முத்திரை என்று நினைத்திருந்தீர்கள். நர்ஸ் லிண்டா அதைப் பார்த்துவிட்டு, நீங்கள் இந்த டீமின் ரசிகையா என்று ஆசையோடு கேட்டாள். அவள் கேட்டது உங்களுக்குப் பாதிதான் புரிந்தது. இல்லை என்று சொன்னால் பாவம் அவள் முகம் வாடிவிடும் என்று தலையை ஆட்டி, "ஓம், ஓம்" என்றீர்கள்.

அவ்வளவுதான். அடுத்த சீசன் தொடங்கிய திங்கட்கிழமையிலிருந்து நம் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த அந்த ஒற்றை டிவியில் உங்களுக்காகவே அமெரிக்கக் கால்பந்து ஓட ஆரம்பித்தது. உங்களிடம் கோபித்துக்கொண்டேன். ஒரு வார்த்தை இல்லை என்று சொல்லியிருக்கக் கூடாதா? சமையல் நிகழ்ச்சியாவது பார்த்திருக்கலாமே. "அந்தப் பிள்ளை சந்தோசமாப் போட்டுவிட்டது, இருக்கட்டும்" என்றீர்கள்.

டீமை நடத்துகிறவன் பெயர் குவாட்டர்பேக் என்று லிண்டா சொன்னதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கோயம்புத்தூரில் குவாட்டர் என்றால் எது என்று உங்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. "அப்ப கால்போத்தல் எண்டு சொல்லு" என்றீர்கள். அன்றிலிருந்து நமக்கு அவர்கள் கால்போத்தல்கள். வெள்ளைக்காரப் பெயர்கள் எதுவும் வாயில் நிற்காததால் உங்கள் தொப்பி டீமின் ஆளுக்கு நெட்டையன் என்று பெயர் வைத்தோம். நான் பிடித்துக்கொண்ட ஆள் தாடிக்காரன். அவர்கள் தலையில் மாட்டியிருந்த ஹெல்மெட்டையும் நீங்கள் தொப்பி என்றுதான் சொன்னீர்கள்.

நமக்குத் திங்கள் காலை ஊசி ஏற்றும் ஏழு மணிக்கு அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமையின் முதல் ஆட்டம் முடியும் தறுவாயில் இருக்கும். அதனால் நாம் அந்த விளையாட்டை வாலிலிருந்துதான் கற்றுக்கொண்டோம். ஒரு டீம் தோற்றுக்கொண்டிருக்கும், இரண்டு மூன்று நிமிஷம் மிச்சம் இருக்கும், கால்போத்தல் கையில் பந்து வரும், அவன் மைதானத்தின் நீளத்துக்கும் ஆட்களை நகர்த்திக் கொண்டுபோய் ஜெயித்துக் கொடுக்க வேண்டும். நமக்கு முழு ஆட்டமே அதுதான். ஊசி குத்திய வலி அந்த இரண்டு நிமிஷத்தில் மறந்துபோகும். லிண்டா கூட நெட்டையன் பந்தை எறியும் நேரம் பார்த்துத்தான் உங்களுக்கு ஊசி போடுவாள்.

யார் பெரிய கெட்டிக்காரன் என்ற சண்டை முதல் வருஷமே தொடங்கிவிட்டது. நெட்டையன்தான், அவன்தான் அதிகமுறை தோல்வியிலிருந்து மீட்டுக் கொடுத்திருக்கிறான் என்பது உங்கள் கட்சி. அவன் முதல் பாதியில் பந்தை எதிராளி கையில் எறிந்து டீமைக் கிணற்றில் தள்ளுகிறான், அப்புறம் தூக்கிவிட்டால் அது என்ன கெட்டிக்காரத்தனம் என்பது என் கட்சி. நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்காரி, வாய்ப்பேச்சு எனக்கு ஆகாது. இடது கையில் குழாய் ஓடிக்கொண்டிருக்க, வலது கையால் ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். தோற்றுக்கொண்டிருக்கும்போது கடைசியில் பந்து கைக்கு வந்தது எத்தனை முறை, அதில் ஜெயித்தது எத்தனை முறை. எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், கிடைத்த வாய்ப்பில் எத்தனை பலித்தது என்று பாருங்கள் என்றேன். என் முறையில் தாடிக்காரன் முன்னால் நின்றான்.

நீங்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை. "பின்னுக்கு விழுந்து விழுந்து எழும்புறவனுக்குத்தானே மரியாதை" என்றீர்கள். முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலை செய்து, இரண்டு முறை நாடு மாறி, ஒரு மகளை வளர்த்து ஆளாக்கிய உங்களுக்கு எண்ணிக்கைதான் பெரிதாகத் தெரிந்தது. எனக்கு விகிதம்தான் பெரிது. மூன்று வருஷம் திங்கள்தோறும் இதே வழக்கு, தீர்ப்பு கிடையாது. இரண்டு பேரும் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தோம். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்குத்தான் இவ்வளவு பேசினோம் என்று இப்போது தோன்றுகிறது.

2012 அக்டோபரில் அந்தத் திங்கட்கிழமை. நெட்டையன் டீம் கொஞ்சம்தான் பின்தங்கியிருந்தது. இரண்டு நிமிஷம் பாக்கி. ஆனால் பந்து எதிராளிகளிடம். அவர்கள் ஆடவே இல்லை. பந்தை வாங்கிக்கொண்டு தரையில் மண்டி போட்டார்கள், எழுந்தார்கள், மறுபடியும் மண்டி போட்டார்கள். முன்னால் இருப்பவர்கள் அப்படித்தான் நேரத்தைக் கரைப்பார்கள், சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. நெட்டையன் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"பார், தொப்பியைக் கழட்டாமல் நிக்கிறான்" என்றீர்கள். பிறகு கேட்டீர்கள்: "கடைசி வரைக்கும் பந்தே குடுக்கேல்லை. இவனை எங்கை எழுதுவாய்?"

என் கட்டத்தில் அதற்கு இடம் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, முறை என்றால் முறை. "எங்கயும் எழுத வேண்டாங்க்கா. பந்து வராதவன் லிஸ்ட்லயே வரமாட்டான்" என்றேன்.

தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, "ஓம்" என்றீர்கள்.

மூன்று வருஷ வழக்கில் முதல்முறையாக ஒப்புக்கொண்டுவிட்டீர்கள் என்று நினைத்தேன். நோட்டின் ஓரத்தில், அக்கா சம்மதம் என்று சிரிப்பு முகம் போட்டு எழுதியும் வைத்தேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

ஜனவரியில், அலுவலகத்தில் ஒரு மீட்டிங் நடுவே, எனக்கு அழைப்பு வந்தது. என் ரத்த வகைக்குப் பொருந்துகிற சிறுநீரகம் ஒன்று கிடைத்திருக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்கு வா என்றார்கள். கார் நிறுத்துமிடத்துக்கு வந்து நின்றேன். கோயம்புத்தூரில் இருக்கும் அம்மாவுக்கு முன்னால் உங்களைத்தான் கூப்பிட்டேன்.

"தாடிக்காரனுக்குப் பந்து வந்திட்டுது. நிண்டு கதைக்காதை, ஓடு" என்றீர்கள். உங்கள் குரலில் சிரிப்பு இருந்தது, எனக்கு நிச்சயமாகத் தெரியும். நான் அதோடு வைத்திருக்கலாம். அழுதுகொண்டே, "அடுத்தது உங்களுக்குத்தாங்க்கா" என்றேன்.

"ஓம்" என்றீர்கள்.

அறுவைக்குப் பிறகு தொற்று ஏதும் வந்துவிடக் கூடாது என்று மூன்று மாதம் வீட்டோடு அடைத்து வைத்தார்கள். என் கிரான்பர்னிலிருந்து உங்கள் ஸ்பிரிங்வேல் என்ன தூரம்? ஆனால் போனில் மட்டும்தான் பேசினோம். மூச்சு வாங்குகிறதே என்று கேட்டால் படி ஏறினேன் என்றீர்கள். உங்கள் வீட்டில் படி கிடையாது என்பது மே மாதம் அங்கே வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் நீங்கள் போய்ச் சேர்ந்திருந்தீர்கள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

உங்கள் தொப்பியை என் கையில் கொடுத்தபோது உங்கள் மகள்தான் சொன்னாள், அவளுடைய ஆங்கிலத்தில், எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு. இதயப் பரிசோதனை சரியில்லை, இந்த உடம்பு அறுவையைத் தாங்காது என்று போன அக்டோபரிலேயே உங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களாம். எந்த நாள் என்று கேட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை என்றாள், தேதியும் சொன்னாள். அங்கேயே, உங்கள் கதிரையில் உட்கார்ந்துகொண்டு, போனில் நாள்காட்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். அதற்கு அடுத்த திங்கள்தான் நெட்டையனுக்குப் பந்து வராத அந்தத் திங்கள்.

எனக்கு உங்கள் மேல் கோபம் அக்கா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயை மூடு என்று என்னை அதட்டியிருக்கலாம். எவ்வளவு பெரிய முட்டாளாக என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டீர்கள். அப்புறம் நினைத்துப் பார்க்கிறேன், நீங்கள் சொல்லாமல் இல்லை. கேட்டீர்கள். நெட்டையனுக்காகவா கேட்டீர்கள்? உங்களை எங்கே எழுதுவாய் என்று கேட்டீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்துப் பதில் சொன்னேன்.

உங்கள் ஓம் எனக்கு விளங்க இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. எங்கள் ஆமா வேறு. ஆமா என்றால் ஆமாதான், இல்லாவிட்டால் சண்டை போடுவோம். நீங்கள் லிண்டாவிடம் சொன்ன ஓமும், என் பட்டியலுக்குச் சொன்ன ஓமும், போனில் சொன்ன ஓமும் ஒன்றேதான். எதிரில் இருக்கிற ஆளின் முகம் வாடிவிடக் கூடாது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். இப்போதெல்லாம் யாராவது ஓம் என்றால் நான் இரண்டாம் தடவை கேட்கிறேன். நல்லாத்தான் இருக்கீங்களா, நிஜமாத்தானா? உங்கள் மகளுக்கு அது எரிச்சலாக இருக்கிறது. பரவாயில்லை, வாரா வாரம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்று காலையும் அதேதான் நடந்தது. நெட்டையன் பின்தங்கி நிற்க, எதிராளிகள் மண்டி போட்டு மண்டி போட்டு நேரத்தைக் கரைத்தார்கள். அவன் கோட்டுக்கு வெளியே நின்று, ஒரு பையனோடு பந்தை மெதுவாக எறிந்து பிடித்துக் கையைச் சூடாக வைத்துக்கொண்டிருந்தான். பந்து வராது என்று அவனுக்குத் தெரியாதா? தொப்பியைக் கழற்றவில்லை. நான் நோட்டை எடுத்து, மூன்று வருஷத்துப் பக்கங்களிலும் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தேன். பந்து வராமல் நின்றவர்கள் என்று தலைப்பு எழுதினேன். என் முறை கெட்டுவிட்டது. இனி யாரையும் யாரோடும் ஒப்பிட முடியாது. அதனால்தான் நடந்துகொண்டே இருக்கிறேன் போல.

இதுவரை எழுதி நிறுத்திவிட்டு, பத்து மணி ரத்தப் பரிசோதனைக்குக் கிளம்பினேன். தொப்பியோடுதான் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். அங்கே நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் என் தலையைப் பார்த்தார். நீ இந்த டீமா என்று கேட்டார், இன்றைக்குக் கடைசியில் பந்தே கொடுக்கவில்லையே என்று வருத்தப்பட்டார்.

யெஸ் என்று வரவில்லை. ஆமா என்றும் வரவில்லை. தலையை ஆட்டி, "ஓம்" என்றேன். அவர் முகத்துக்காகச் சொல்லவில்லை அக்கா.