நாய்க்கும் ஒரு கோடு

அக்கா,

கிறிஸ்துமஸ் அன்று நம் கடற்கரை வீட்டுக் கதவுச் சட்டத்தில் எல்லாப் பிள்ளைகளின் உயரத்தையும் பென்சிலால் குறித்தாய். உன் நாயையும் நிறுத்திக் கோடு போட்டாய். செருப்பைக் கழற்றிவிட்டு, முதுகை நிமிர்த்தி வரிசையில் நின்ற என் யூலானிடம் மட்டும், "நீ சீனாவுலேர்ந்து இப்பதானே வந்திருக்க? முதல்ல எல்லார்கிட்டயும் பழகு, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றாய்.

பழக வேண்டுமாம்! அவள் என் மகளாகி ஒரு வருடம் ஆகிறது. உன் நாய் போன மாதம்தான் வந்தது.

அன்றே காரில் அடிலெய்டு திரும்பினோம். எங்கள் வீட்டு வாசலில் யூலான் கேட்டாள்: "அம்மா, இன்னும் எவ்வளவு வளந்தா பெரியம்மா எனக்குக் கோடு போடுவாங்க?"

பதிலை நீயே சொல். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். பென்சிலைச் சீவி வை.

இப்போதைக்கு,
உன் தங்கை