கர்னல் சொன்ன பல் கணக்கு

6 ஜனவரி, திங்கள்

நான் முன்னாடியே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்துமூன்று அங்குல டயர் இந்த வண்டிக்கு ஆகாது, மலையில் மூச்சு வாங்கும் என்று டயர் வந்து இறங்கிய அன்றைக்கே சொல்லிவிட்டேன். யார் கேட்டார்கள்? (சத்தமாகச் சொல்லவில்லை. அது வேறு விஷயம்.)

நேற்று என் அக்கா மகன் செல்வகணேஷ் பொன்முடி ஏற்றத்தில் பிக்கப்பை நிறுத்திவிட்டான். வண்டி தானாகவே நின்றுவிட்டது என்கிறான். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி! சுமையும் கிடையாது, அவனும் அவன் பெண்டாட்டி அனுஷாவும் ஒரு கூடை ஆரஞ்சும்தான். இரண்டாம் கியரில் முக்கி, முதல் கியரில் முனகி, கிளட்ச் கருகின வாடை. ஆட்டோக்காரன்கூட எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனானாம்.

25-ம் தேதி மலை எஸ்டேட்காரர்கள் சோதனை ஓட்டம் வைத்திருக்கிறார்கள். சாலைக் கம்போளக் கடைத்தெருவிலிருந்து தொள்ளாயிரம் கிலோ அரிசி பருப்பை ஏற்றிப்போய், அவர்களுடைய மண்பாதையின் கடைசி ஏற்றத்தை நிற்காமல் ஏறினால் வாராவாரம் சரக்கு கொண்டுபோகும் வேலை இவனுக்கு. நின்றால் வேறு ஆளுக்கு. ஹோட்டல் டிரைவர் வேலையை ஏற்கெனவே விட்டாயிற்று. விடும்போதே நான் முன்னாடி... சரி, வேண்டாம்.

8 ஜனவரி, புதன்

கயிற்றுக் கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். நான் இல்லாமல் எதுவும் தீராது.

மெக்கானிக் சுடலைக்கண்ணு ஆசான் வண்டிக்கு அடியில் கிடந்துகொண்டே தீர்ப்புச் சொன்னார். "பழைய டயரை இடு. தீர்ந்தது காரியம்."

செல்வகணேஷ் மாட்டேன் என்கிறான். அந்தப் பாதை முழுக்கப் பாறை. பழைய டயர் போட்டால் வண்டியின் வயிறு தட்டும். அதுவும் நியாயம்தான்.

அனுஷா ஒரு அட்டையில் ஏதோ வகுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் கம்ப்யூட்டர் வேலை. "பழைய டயர் 29, புதுசு 33. டயர் பெருத்தா அதுக்குத் தக்கன உள்ள இருக்கிற பல்லும் மாறணும்லா? இப்ப எஞ்சின்ல இருந்து வர்ற ஷாஃப்ட் 4.27 சுத்து சுத்தினாத்தான் சக்கரம் ஒரு சுத்து. இனி 4.86 வேணும். 4.88 செட்டு கிடைக்குதாம், விசாரிச்சேன். அச்சுக்குள்ள இருக்கிற அந்தக் கிரவுன் பினியன் பல்லை மாத்துங்க."

"நீ உன் ஆபீஸ் கம்ப்யூட்டரை மாத்து பிள்ளே" என்றான் செல்வகணேஷ். ஆசான் சிரித்தார். நானும் சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது ஒருவன் மட்டும் எப்படிச் சும்மா இருப்பது? அட்டையை அவள் அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டாள். நல்ல அட்டை. எடுத்து வைத்துக்கொண்டேன்.

9 ஜனவரி, வியாழன்

பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைக்கப் போன இடத்தில் கர்னலைப் பார்த்தேன். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பனிமலையில் ஜீப் ஓட்டியே வலது கையில் இரண்டு விரல் போனவர். மீசையைப் பார்த்தால் பஸ் தானாக நிற்கும். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, "வன்னியராஜ், டயர் பெரிசானால் பல்லும் மாறணும். உனக்கு 4.88" என்றார்.

சாயங்காலம் செல்வகணேஷிடம் சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்தான். "மிலிட்டரிக்காரரா மாமா? அப்ப சரியாத்தான் இருக்கும்."

அனுஷா என்னை ஒரு பார்வை பார்த்தாள். காப்பியில் சீனி இல்லை.

13 ஜனவரி, திங்கள்

பல் செட்டு வந்தது. ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

16 ஜனவரி, வியாழன்

பின்சக்கரங்களுக்குப் பல் மாற்றியாயிற்று. ஆசான் கேட்டார்: "முன்னாலயும் மாத்தணுமா அண்ணாச்சி? இன்னொரு செட்டு வரணும், மூணு நாள் வேலை உண்டு."

"கர்னல்ட்ட கேட்டுச் சொல்லுங்க மாமா" என்றான் செல்வகணேஷ்.

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். அனுஷா ஆபீஸில். போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருமுனை வரை போனேன். ஒரு நன்னாரி சர்பத் குடித்தேன். திரும்பி வந்து, "முன்னால உள்ளது சும்மா ஒத்தாசைக்குத்தான், தொட வேண்டாம்கிறாரு" என்றேன். கணீரென்று சொன்னேன்.

ஆசான் தலையைச் சொறிந்தார். "கர்னல் பறஞ்சா பின்னே நமக்கென்ன."

18 ஜனவரி, சனி

ஐயோ.

பின்சக்கரம் மட்டும் இழுக்கும்வரை வண்டி ராஜா மாதிரி ஓடியது. நாலையும் சேர்த்து இழுக்கவிட்டான் — அவ்வளவுதான். முன்னால் உள்ளது ஓடணும் என்கிறது, பின்னால் உள்ளது மாட்டேன் என்கிறது. டயர் கிரீச்சென்று கத்துகிறது. ஸ்டீயரிங் திரும்ப மாட்டேன் என்கிறது. நாலையும் சேர்க்கிற லீவரும் சிக்கிக்கொண்டது. ரிவர்ஸ் எடுத்து எடுத்துக் கழற்றினோம். இன்னும் நூறடி போயிருந்தால் உள்ளே எல்லாம் பொடிதான் என்றார் ஆசான்.

செல்வகணேஷ் தரையில் உட்கார்ந்துவிட்டான். "இன்னும் ஏழு நாள்தான் மாமா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருக்கலாம்.

நான் எதுக்கு வாயைத் திறந்தேன்? தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு அழுகியா போயிரும்?

19 ஜனவரி, ஞாயிறு

காலையில் அனுஷா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். ஒரு பக்கத்துப் பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கச் சொன்னாள். டயரில் சாக்பீஸ் கோடு, ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு. "ஆசான், சக்கரத்தை ரெண்டு சுத்து சுத்துங்க. மாமா, நீங்க அடியில படுத்து ஷாஃப்டை எண்ணுங்க."

"ரெண்டு எதுக்கு பிள்ளே?"

"மத்த சக்கரம் தரையில நிக்குதுல்லா, அதனால இது ரெண்டு சுத்து சுத்தினாத்தான் உள்ள ஒரு சுத்து கணக்கு. எண்ணுங்க."

எண்ணினேன். பின்னால் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. முன்னாலும் அதேபோல் ஒரு சக்கரத்தைத் தூக்கி எண்ணினால் நாலே கால். குழந்தைக்கும் தெரியும், ரெண்டும் ஒன்றல்ல.

"இதை ஏன் கர்னல் சொல்லல?" என்றான் செல்வகணேஷ்.

அனுஷா குனிந்து, அடியில் கிடந்த என்னைக் கேட்டாள். "மாமா, கர்னலுக்கு எத்தனை விரல் போச்சு? இவர்ட்ட ரெண்டுன்னீங்க. ஆசான்ட்ட மூணுன்னீங்களாம்."

"பனிக்கடி பிள்ளே. அது கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகும்."

அவள் சிரித்தாள். சாக்பீஸை என் சட்டைப் பையில் போட்டாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அடியிலிருந்து வெளியே வந்திருக்கமாட்டேன்.

22 ஜனவரி, புதன்

முன்பக்கத்துக்கும் செட்டு வந்தது. இந்தத் தடவை நான் தூக்கவில்லை.

25 ஜனவரி, சனி

ஏறிவிட்டது!

தொள்ளாயிரம் கிலோ, அதற்கு மேல் மூட்டைகளின் உச்சியில் நான். கடைசி ஏற்றம் சுவர் மாதிரி நிற்கிறது. செல்வகணேஷ் முதல் கியர் போட்டான், நாலு சக்கரமும் ஒரே பேச்சுப் பேசியது. சத்தம் மாறவில்லை, வாடை வரவில்லை. நெய்யப்பத்தில் எறும்பு ஏறுகிற மாதிரி நிதானமாக ஏறியது. பாதியில் ஒரு யானை ஒதுங்கி வழிவிட்டது. சரி, பசு.

எஸ்டேட் மேனேஜர் கைகொடுத்தார். அடுத்த வாரமே சரக்கு. செல்வகணேஷ் வண்டியிலிருந்து குதித்ததும் முதலில் சொன்னது: "கர்னலுக்குப் போன் போடுங்க மாமா!"

27 ஜனவரி, திங்கள்

வண்டி முகப்பில் பேர் எழுத பெயிண்டர் வந்திருந்தார். 'கர்னல்' என்று பெரிதாக எழுதணுமாம் செல்வகணேஷுக்கு. ஞாயிற்றுக்கிழமை கர்னலைச் சாப்பிடக் கூப்பிடணுமாம். கோழியெல்லாம் சொல்லியாயிற்று.

"கட்டாயம் கூப்பிடுங்க மாமா" என்றாள் அனுஷா. "பிசைஞ்சு சாப்பிட விரல் மிச்சம் இருக்குல்லா?"

நான் கடைக்குப் போய் அந்த அட்டையை எடுத்துவந்து செல்வகணேஷ் கையில் கொடுத்தேன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். 29, 33, 4.86, கீழே இரண்டு கோடு. "இது அனுஷா எழுத்துல்லா?" என்றான். தேதியையும் பார்த்தான். எட்டாம் தேதி.

பிரஷ் சரியில்லை என்று பெயிண்டரிடம் சண்டை போட நான் அந்தப் பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது முகப்பில் 'அனு' வரை எழுதியாகியிருந்தது. செல்வகணேஷ் அவளுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தான். எனக்கும் ஒன்று வந்தது, சீனியோடு.

ஆகவே இங்கே எழுதிவைக்கிறேன்: கர்னல் என்று ஒருவர் கிடையாது. மீசை மட்டும் உண்மை. அது எதிர்க்கடை வாட்ச்மேனுடையது.