பாதியில் நின்ற மேட்ரிக்ஸ்

ஜூன் 6, 2006, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். லேபில் மறுபடி கரண்ட் கட். இன்வெர்ட்டர் முழுக்க ஃப்ரீசருக்கு, கம்ப்யூட்டருக்குக் கிடையாது. வைரஸுக்கு இருக்கும் மரியாதை எனக்கு இல்லை.

எத்தியேன் ஐயா வந்தார். வீராம்பட்டினம் பக்கம் இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி வைத்திருப்பவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து ரிட்டையர் ஆனவர், இன்னும் விறைப்பாகத்தான் உட்காருவார். சுற்றியுள்ள குட்டைகளில் இறால் செத்து மிதக்கிறது. நோய் இவர் விற்ற குஞ்சிலிருந்து வந்ததா? எங்கள் ரிப்போர்ட் ஆமாம் என்றால் ஹேச்சரிக்குப் பூட்டு.

"மத்மசேல், எங்க பசங்க பாஸா, பெயிலா?" குஞ்சுகள் அவருக்குப் பசங்க, நான் மத்மசேல்.

"வெள்ளிக்கிழம கவர்மெண்டுக்கு ரிப்போர்ட் போவுது ஐயா. அதுக்குள்ள தெரிஞ்சிடும்."

சிரித்தார். கை மட்டும் தொப்பியைத் திருகிக்கொண்டே இருந்தது.

வாங்க வேண்டியது: சிடி, அம்மாவுக்கு மாத்திரை, குடைக்கு கம்பி.

ஜூன் 7, புதன்

முடிவு வந்தது. வைரஸ் கணக்கில் ஹேச்சரியும் செத்த குட்டைகளும் ஒரே குழு. லேபை நடத்தும் மேடத்துக்கு ஏக குஷி. "க்ளீனா இருக்கு. எழுத ஆரம்பிச்சிடு."

எழுத உட்கார்ந்தால் உறுத்தல். தவளக்குப்பத்துக் குட்டை ஒன்று இந்தக் குழுவிலும் இருக்கிறது, இன்னொரு குழுவிலும் இருக்கிறது. ஒரே ஆள் இரண்டு இலை போட்டு உட்கார்ந்த மாதிரி.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு சாம்பிளும் ஒரு புள்ளி. வைரஸ் எவ்வளவு ஒத்துப்போகிறதோ அவ்வளவு கனமான கோடு. அதெல்லாம் எண்களாக ஒரு மேட்ரிக்ஸில். புரோகிராம் அதைத் திரும்பத் திரும்பப் பிழியும். மெல்லிய கோடுகள் காணாமல் போகும். இனி மாறாது என்றானதும் நிற்கும். ஒவ்வொரு சுற்றும் ஒரு ஃபைல். ஐமாக் என்ற கட்டளைக்கு எந்தச் சுற்றின் ஃபைலைக் கொடுத்தாலும் யார் யாரோடு சேர்த்தி என்று சொல்லிவிடும். வெந்ததா, வேகாததா என்று கேட்காது.

எங்கள் லேப் வழக்கம்: கரண்ட் போனால் கடைசியாக விழுந்த ஃபைலை எடுத்துக்கொள்வது. மேடம் போட்ட வழக்கம். நேற்றும் அதேதான். ஓட்டம் பாதியில் நின்றிருக்கிறது. அரைவேக்காட்டைத்தான் முடிவு என்றிருக்கிறோம்.

ஜூன் 8, வியாழன்

மேடத்திடம் சொன்னேன். நிமிரக்கூட இல்லை.

"இந்த ஊர் கரண்ட்ல எதும்மா கடைசி வரைக்கும் ஓடுது? ஒரு குட்டை ரெண்டு பக்கம் நின்னா குடி முழுகிடுமா?"

குடி முழுகப்போவது உங்களுடையது அல்லவே மேடம் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். கோபம் போகவில்லை.

பக்கத்து மேசை அருள்தான் வழி சொன்னான். "உழவர்கரைல எங்க மாமா பிரௌசிங் சென்டர் வெச்சிருக்காரு. ஜெனரேட்டர் இருக்கு. வா, தூக்கிட்டுப் போயிடலாம்." அவன் ஸ்கூட்டரில் பின்னால் நான், மடியில் கம்ப்யூட்டர். ஒவ்வொரு பள்ளத்துக்கும் உயிர் போனது.

முதலிலிருந்து ஓடவிட்டேன். பக்கத்துத் தடுப்பில் ஒரு அம்மா பாரிஸில் இருக்கும் மகனிடம்: "அங்க குளுருதா? இங்க வேவுதுடா." நடுவில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் உறுமியது. திரை அணையவில்லை. அப்பாடா.

ஒவ்வொரு சுற்றின் ஃபைலையும் ஐமாக்கில் போட்டேன். முதல் சுற்றுகளில் எல்லாம் ஒரே குவியல். பிறகு தவளக்குப்பம் இரண்டு இலையில், லேபில் நின்றுபோன அதே கட்டம். பிறகு ஒரே இலையில். கடைசியில் செத்த குட்டைகள் எல்லாம் ஒன்றாக. அத்தனையும் ஒரே கால்வாய்த் தண்ணீர் எடுப்பவை. ஹேச்சரி தனியாக, தூரத்தில். ஒட்டே இல்லை.

அருள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். பாவம், பயந்துபோனான்.

மேடம் நம்பர் பிஸி. திரும்பவும் பிஸி.

ஜூன் 9, வெள்ளி

மேடம் பழைய, புதிய குழுப் படங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். தேவைப்படவில்லை. புதிய ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடவில்லை.

"நேத்து சாயங்காலம் அவருக்கு போன் பண்ணிட்டேம்மா."

"யாருக்கு மேடம்?"

"எத்தியேனுக்கு. ஆபீசருங்க வந்து சீல் வெச்சா அசிங்கம், நீங்களே காலி பண்ணிடுங்கன்னு. நல்லதுக்குத்தான் சொன்னேன். இப்ப எடுக்க மாட்டேங்கிறாரு."

பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். வீராம்பட்டினத்தில் இறங்கி ஓட்டம். வாசலிலேயே ப்ளீச்சிங் பவுடர் நெடி. தொட்டிகள் எல்லாம் காலி, வெள்ளை வெளேரென்று. அவர் பேன்ட்டை மடித்துவிட்டுக் கடைசித் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

"மேடம் சொன்னாங்கம்மா. நோய வெச்சிக்கினு வேடிக்க பாக்கலாமா? பசங்கள எல்லாம் காத்தாலயே பவுடர் போட்டு ஊத்திட்டேன்."

ரிப்போர்ட்டை நீட்டினேன். கை ஈரம் என்று வாங்கவில்லை.

"கண்ணாடி வூட்ல இருக்கு. நீயே சொல்லு மத்மசேல். பசங்க பாஸா?"

"பாஸ் ஐயா."