உன் அப்பாவின் உரிமம்

கார்டன் குரோவ்
பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பொமிக்கு, அம்மா எழுதுகிறேன்.

உடம்பு நன்றாக இருக்கிறதா? மினியாபொலிஸில் பனி முழங்கால் உயரம் கிடக்கிறது என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். நீ எடுத்துக்கொண்டு போன கோட்டு கலிபோர்னியாக் குளிருக்கு வாங்கியது. அங்கே அது எந்த மூலைக்கு? வேறு வாங்கிக்கொண்டாயா என்று கேட்கலாம் என்றால் நீ போன் எண்ணை மாற்றிவிட்டாய். இந்த விலாசத்தை ஹான் அத்தையின் மகளிடம் கெஞ்சித்தான் வாங்கினேன். அவள்மேல் கோபப்படாதே.

உரிமம் தரும் வாரியத்தின் முடிவு வந்துவிட்டது. அப்பாவின் அக்குபஞ்சர் உரிமத்தை ரத்து செய்துவிட்டார்கள். நான்கு வரியில் சொல்லிவிட வேண்டிய விஷயத்துக்குப் பக்கம் பக்கமாக அனுப்பியிருக்கிறார்கள். எனக்குப் புரிந்ததெல்லாம், இனி அவர் யார் உடம்பிலும் ஊசி வைக்கக் கூடாது என்பதுதான்.

சுவரில் இருந்த உரிமத்தை அப்பாவே கழற்றினார். கண்ணாடியில் இருந்த தூசியைத் துடைத்தார். திருப்பி அனுப்பப்போகிற காகிதத்தின் கண்ணாடியை எதற்குத் துடைக்க வேண்டும்? தபால் நிலையத்துக்கு நானும் வருகிறேன் என்றேன். ஒரு காகிதத்தைத் தூக்க இரண்டு பேர் எதற்கு என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனார். திரும்பி வந்தும் காரைவிட்டு இறங்காமல் வெகுநேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நான் முள்ளங்கி நறுக்கி முடித்தேன்.

பொமி, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஆனாலும் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

பியோ அம்மாளுக்கு அது நடந்த அன்று நான் கிளினிக்கில் இல்லை. நீங்கள் எல்லாரும் சொன்னதைச் சேர்த்துவைத்துத்தான் எனக்குத் தெரியும். தோள்வலி என்று வந்தவருக்கு அப்பா முதுகின் மேல்பக்கத்தில் ஊசி வைத்தார். எலும்பும் தோலுமான உடம்பு அது. எடுத்த பிறகு மூச்சு முட்டுகிறது, நெஞ்சு இறுக்குகிறது என்று அவர் சொன்னார். ஊசிக்குப் பிறகு அப்படித்தான் இருக்கும், வீட்டுக்குப் போய்ப் படுங்கள் என்று அப்பா அனுப்பிவிட்டார். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்று அவரோடு ஊசி வைக்கும் வேலையில் இருந்த நீ சொன்னதற்கு, நோயாளியின் எதிரிலேயே உன்னை அதட்டினார். நீ கார் நிறுத்துமிடம்வரை ஓடிப்போய், மூச்சு சரியாகாவிட்டால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள் என்று அந்த அம்மாளின் மகனிடம் சொன்னாய். நுரையீரலில் ஊசி பட்டிருந்தது. நீ ஓடியிராவிட்டால் அந்த அம்மாள் இன்று இல்லை. இதை நான் உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை, இல்லையா?

வாரியத்து விசாரணை அதிகாரி வந்தபோது, அந்த அம்மாள் நன்றாகத்தான் எழுந்து போனார், எதுவும் சொல்லவில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். உன்னைக் கேட்டார்கள். நீ நடந்ததைச் சொன்னாய். அன்றிலிருந்து நம் வீட்டில் மூன்று பேரும் ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிட்டோம்.

வழக்கு விசாரணையில் அப்பாவின் வக்கீல் சோ உன்னைக் கேட்ட கேள்விகளை நான் மறக்கவில்லை. கிளினிக்கை உன் பெயருக்கு எழுதித்தரக் கேட்டாயாமே, அப்பா மறுத்தாராமே, சூசோக் அறுவடைப் பண்டிகையன்று எல்லார் முன்னாலும் சண்டை போட்டாயாமே, அந்தக் கோபத்தில்தானே இந்தச் சாட்சி? உன் முகம் வெளுத்துப்போனது. ஆமாம், சண்டை நடந்தது என்று மட்டும் சொன்னாய். கூண்டிலிருந்து இறங்கியதும் யாரையும் பார்க்காமல் பெட்டியை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய்விட்டாய். அப்பாதான் அதையெல்லாம் கேட்கச் சொன்னார் என்று நினைத்திருப்பாய். நான் உன் இடத்தில் இருந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

வக்கீலும் நம் தேவாலயத்து ஆள்தானே? அந்தச் சண்டையைப் பற்றித் தெரியாதவர் அங்கே யார்? அப்பா எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. நீ போன பிறகு இடைவேளை விட்டார்கள். நடைபாதையில் வக்கீல் சந்தோஷமாக இருந்தார். மகளின் சாட்சி உடைந்துவிட்டது, இனி அப்பா முன்பு சொன்னதையே திருப்பிச் சொன்னால் போதும், மேற்பார்வையில் சில வருடம் தொழில் செய்யச் சொல்வார்கள், உரிமம் தப்பிவிடும் என்றார். அப்பா தண்ணீர் குடித்தார்.

பிறகு அவரைக் கூண்டில் ஏற்றினார்கள். ஆங்கிலத்தில் திணற வேண்டாம் என்று கொரிய மொழிபெயர்ப்பாளரை வைத்திருந்தார்கள். வக்கீல் முதல் கேள்வியை முடிப்பதற்குள் அப்பா பேசத் தொடங்கிவிட்டார்.

"என் பொண்ணு பொய் சொல்லல. மூச்சு முட்டுதுன்னு அந்தம்மா சொன்னாங்க, நான் காதுல வாங்கிக்கல. ஆம்புலன்ஸ கூப்புடலாம்னு என் பொண்ணு சொன்னா, அவளையும் அதட்டிட்டு அந்தம்மாவ வீட்டுக்கு அனுப்புனேன். அதிகாரிகிட்ட பொய் சொன்னது நான்தான்."

மொழிபெயர்ப்பாளர் நிறுத்திவிட்டு, இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார். தனக்குத்தான் தவறாகக் கேட்டுவிட்டது என்று நினைத்தாராம். அப்பா ஒரு சொல் மாறாமல் திரும்பவும் சொன்னார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றார். நோயாளிகள் அவருக்காக எழுதிக்கொடுத்த கடிதங்கள் வக்கீலின் பைக்குள்ளேயே இருந்துவிட்டன.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன், இன்னும் தீரவில்லை. இருபத்தெட்டு வருடக் கிளினிக்கை ஒரே பேச்சில் தொலைத்துவிட்டீர்களே, நாளைக்கு நாம் என்ன செய்வது என்று காரில் வரும்போது கத்தினேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போதுதான் அவர் வாய் திறந்தார்.

"பொமி அம்மா, அவகிட்ட இருக்கறதும் அதே லைசென்ஸ்தான. கோபத்துல பொய்ச்சாட்சி சொன்னவன்னு அந்தத் தீர்ப்புல எழுதிட்டா, அவள எவன் வேலைக்கு வைப்பான்?"

பச்சை விழுந்தது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று வீட்டுக்கு வந்ததும் சொன்னார். சொன்னால், உன்னால்தான் அப்பாவின் உரிமம் போயிற்று என்று நீ நினைப்பாயாம்.

மற்ற செய்திகள் பெரிதாக இல்லை. கிளினிக் இருந்த இடத்துக்கு நகம் அழகு செய்யும் கடை வரப்போகிறது. பெயர்ப்பலகையை இறக்கியாகிவிட்டது. வாரியத்தின் இணையதளத்தில் அப்பா பெயரும் செய்த தவறும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கிறதாம். தேவாலயத்தில் ஒருவர் கைபேசியைப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுவதை நான் பார்த்தேன். நாங்கள் இப்போது கடைசி வரிசையில் உட்கார்ந்து, முடிவதற்குள் எழுந்துவிடுகிறோம்.

பழைய நோயாளி கிழவர் நோ மட்டும் இரண்டு தடவை பின்வாசலுக்கு வந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, யாருக்குத் தெரியப்போகிறது, ஒரே ஒரு ஊசி வையுங்கள் என்று கேட்டார். அப்பா அவரை உள்ளே உட்காரவைத்து வாற்கோதுமைத் தேநீர் கொடுத்தார். ஊசி வைக்கவில்லை. என் முழங்கால் வீங்கியிருந்தபோது நானே கேட்டேன். பெண்டாட்டிக்கு வைத்தாலும் ஊசி ஊசிதான் என்று சொல்லிவிட்டு வெந்நீர்ப் பை கொண்டுவந்து வைத்தார்.

பியோ அம்மாள் வீட்டுக்கும் போனார். பேரிக்காய்ப் பெட்டியோடு போய் வாசலில் தலை குனிந்து நின்றிருக்கிறார். அந்த அம்மாள் கதவுவரை வந்தார். மாடி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறதாம். பெட்டியை வாங்கிக்கொள்ளவில்லை. அப்பாவைத் திட்டவும் இல்லை. "உங்க பொண்ணு எங்க இருக்கா?" என்று கேட்டாராம். அப்பாவுக்குத் தெரியவில்லை. பேரிக்காய்களை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். நாங்கள் தொடவில்லை, அழுகிப்போயின.

நான் பக்கத்தில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பதார்த்தங்கள் விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். முளைகட்டிய பயறு ஆய்வதும் கிம்ச்சி ஊறுகாய்க்குக் கோஸில் உப்புப் போடுவதும்தான். கஷ்டமில்லை.

நீ ஊசியை விட்டுவிட்டாய், ஏதோ கிடங்கு அலுவலகத்தில் கணினி பார்க்கிறாய் என்று ஹான் அத்தை மகள் சொன்னாள். அப்பாவிடம் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? உன் தொழில் ஒன்றைக் காப்பாற்றத்தானே மற்றதையெல்லாம் விட்டார்? நேற்றுச் சாப்பிடும்போது, இது பொமி பிறந்த மாதம், அவள் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய வருடம், அவள் மறந்துவிடுவாள் என்றார். யாரிடமோ சொல்வதுபோலச் சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மறக்காதே, பொமி. வேலை செய்வதும் செய்யாததும் உன் விருப்பம். புதுப்பித்து மட்டும் வைத்துக்கொள். நம் வழக்கப்படி பிறந்தநாளன்று ஒரு கிண்ணம் கடற்பாசி சூப்பாவது வைத்துச் சாப்பிடு. ஆண்டவர் உன்னைக் குளிரிலும் தனிமையிலும் காக்கட்டும்.

வீட்டுப் போன் எண் பழையதுதான். பகல் முழுக்க நான் கடையில் இருப்பேன், போனை அப்பாதான் எடுப்பார். பகலில் கூப்பிடு.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா ஓக்ரான்