கோட்டு நம்பர் மூன்று

ஜூன் 4, செவ்வாய்

பள்ளி விட்டதும் நேராக மாமா கடை. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மரத்திலும் கல்லிலும் லேசரால் படம் பொறித்துத் தருகிறார். படத்தில் ஆளுக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் வெட்டி எடுப்பது என் வேலை. கொடிக்கயிறு, கதவு, யாரோ ஒருவரின் முழங்கை. கணினியே ஒரு நொடியில் வெட்டிவிடும். ஆனால் அதற்குக் காது எது, கதவுப் பிடி எது என்று தெரியாது. இன்று ஒரு நாயின் மீசையை விழுங்கிவிட்டது. ஒவ்வொரு முடியாக நான் திருப்பிக் கொண்டுவந்தேன்.

"பரவால்லையே, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கும் உதவுது" என்றார் மாமா. நான் எப்போதும் புத்தகமும் கையுமாக இருப்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் சுரைக்காய்.

வீட்டில் என் மேசைக்கு மேலே சுவரிலிருந்து ஒரு வயர் தொங்குகிறது. படிக்க விளக்கு மாட்டித் தருவதாகச் சொல்லி அப்பா துளை போட்டு இழுத்து வைத்தது. "நாளைக்கு மாட்டிடலாம்" என்றார். அந்த வாரம்தான் அவர் நெஞ்சு நின்றுபோனது. வயரை ஒதுக்கிவிட்டுத்தான் தினமும் எழுதுகிறேன்.

ஜூன் 6, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

அப்பா போய் வருஷம் ஆகப்போகிறது. அவருடைய பட்டறை வாசலில் அவர் முகத்தைக் கருங்கல்லில் பொறித்துப் பதிப்பதாக ஏற்பாடு. நான்தான் அந்தப் படத்தைத் தயார் செய்யப்போகிறேன் என்று நினைத்திருந்தேன். இன்று மாமா பெருமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினார்.

அப்பா கோட்டு போட்டிருந்தார். டையும்.

அது நான் எடுத்த படம். பட்டறையில், பழுது பார்க்க வந்த ஃப்ரிட்ஜ்களுக்கு நடுவில், கருநீலச் சட்டையில், காதில் கரண்ட் பார்க்கும் டெஸ்டரைச் செருகிக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறார். "வெளிச்சத்த மறைக்காம தள்ளி நில்லு" என்று எப்போதும்போலச் சொல்லி முடித்த வாய் இன்னும் முழுதாக மூடவில்லை. அந்த முகத்தை மட்டும் கழுத்தோடு அறுத்து — ஆமாம், அறுத்துதான் — ஒரு கோட்டின் மேல் வைத்திருக்கிறார்கள். காதில் டெஸ்டர் இல்லை.

அந்தக் கோட்டு எனக்குத் தெரியும். கடைக் கணினியில் அதன் பெயர் 'கோட்டு நம்பர் மூன்று'. கறிக்கடைக்காரர் அதைத்தான் போட்டிருக்கிறார். நீச்சல் சொல்லித்தருபவரும் அதைத்தான். மேலே போனவர்களுக்கெல்லாம் ஒரே தையல்காரரா என்று நானே சிரித்திருக்கிறேன்.

"யாரு கேட்டா இத?"

"உன் அத்தை. அவங்க தம்பி, அவங்க சொல்றாங்க."

"எனக்கு அப்பா."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மாவிடம் சொன்னால், "எதுக்குடி வம்பு, அண்ணி மனசு கஷ்டப்படும்" என்கிறாள். எல்லாருக்கும் மனசு இருக்கிறது. எனக்கு மட்டும் வாய்தான் இருக்கிறது போல.

ஜூன் 9, ஞாயிறு

அத்தை வந்தாள். கேட்டுவிட்டேன்.

"எத்தனை வீட்டு வாசல்ல பாத்திருக்கேன், அவனவன் எவ்வளவு மரியாதையா இருக்கான். என் தம்பி மட்டும் டெஸ்டரும் அழுக்குச் சட்டையுமா நிக்கணுமா?"

"அது அழுக்கில்ல அத்தை. கிரீஸ்."

"பெரிய வித்தியாசம்."

"அப்பா ஒரு நாள்கூட கோட்டு போட்டதில்ல."

"போட்டிருக்கணும்டி. ஆபீஸ் வேலைக்குப் போடான்னு எத்தனை தடவ தலையால தண்ணி குடிச்சேன். காதுலயே போட்டுக்கல. இப்பவாவது நான் சொல்றத கேக்கட்டும்."

"செத்தவர எதிர்த்துப் பேச முடியாதுன்னுதான?"

அம்மா கையிலிருந்த தட்டைச் சத்தமாகக் கீழே வைத்தாள். அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அம்மா என்னோடு பேசவில்லை. நான் சொன்னது தப்பா? சொன்ன விதம் தப்பு. சொன்னது தப்பில்லை. மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

ஜூன் 10, திங்கள்

கேட்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

மாமா பொருள் கொடுக்க வெளியே போயிருந்தார். மூலப் படத்தைத் திறந்தேன். ஃப்ரிட்ஜ், சுவர், ஸ்டூல் எல்லாவற்றையும் வெட்டினேன். அப்பாவை மட்டும் விட்டேன், சட்டையோடு, டெஸ்டரோடு, கணினி தின்ற காது மடலை நானே திருப்பி வரைந்து. இவ்வளவு சுத்தமாக நான் எதையும் வெட்டியதில்லை. ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடுகூட இல்லை. மிச்சம் கிடந்த ஒரு சின்னக் கறுப்புக் கல்லை மேசையில் வைத்து எந்திரத்தை ஓட்டினேன். எல்லார் முன்னாலும் கொண்டுபோய் வைப்பேன், பாருங்கள் இதுதான் அவர் என்று.

தூசியைத் துடைத்தேன்.

ஒரு தலை. கொஞ்சம் தள்ளி இரண்டு கைகள். நடுவில் ஒன்றுமில்லை.

மரத்தில் லேசர் கதிர் பட்ட இடம் கருகும். கருங்கல்லில் அது தலைகீழ், பட்ட இடம் வெளுக்கும், படாத இடம் கல்லாகவே நிற்கும். அப்பாவின் சட்டை கருநீலம், அங்கே கதிர் படவே இல்லை. பின்னாலும் கறுப்பு. சட்டை எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இது எனக்குத் தெரியாத பாடமா? நாள் முழுக்க மாமா கடையில் சொல்வதுதான். கோபத்தில் மறந்தேன். என் அப்பாவை நானே தலையும் கையுமாக ஆக்கிவைத்துக்கொண்டு நின்றேன்.

மாமா திரும்பி வந்து பார்த்தார். திட்டவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"இதுக்குத்தான்டி கோட்டு. வெள்ளைக் காலர் இருந்தாத்தான் கழுத்துக்குக் கீழ ஆள் இருக்கான்னு தெரியும்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எங்க கேட்ட? சண்டைதான போட்ட."

அந்தக் கல்லைப் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டேன். பூகோளப் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது. பார்க்கப் பிடிக்கவில்லை. எறியவும் முடியவில்லை.

ஜூன் 15, சனி

காலையிலிருந்து மூலப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் மட்டும் அப்பாவின் தோள் எப்படி இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது?

முட்டாள். ஃப்ரிட்ஜ்.

அவருக்குப் பின்னால் வரிசையாக வெள்ளைக் கதவுகள். நான் பாடுபட்டு வெட்டி எறிந்தேனே, அதே கதவுகள். அவைதான் அவருக்குத் தோளும் முதுகும் கொடுத்துக்கொண்டிருந்தன.

மாமாவிடம் ஓடினேன். "இவ்வளவு வெள்ளையும் சுட்டா கல்லுல பட்டை பட்டையா வரும், சுண்ணாம்பு அடிச்ச மாதிரி" என்றார். சரி. கதவுகளைச் சாம்பல் நிறத்துக்குத் தணித்தேன். தோளை ஒட்டின ஓரத்தில் மட்டும் வெளிச்சத்தை விட்டேன். ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களை அழித்தேன். வலது ஓர ஃப்ரிட்ஜின் கைப்பிடியில் ஏதோ துணி சுற்றியிருந்தது. அழிக்கலாமா என்று யோசித்தேன். சோம்பல், விட்டுவிட்டேன். இன்னொரு துண்டுக் கல்லில் ஓட்டிப் பார்த்தோம்.

மாமா தூசியைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். பிறகு, "தள்ளி நில்லுங்கிறார்" என்றார்.

"அத்தைகிட்ட யாரு சொல்றது?"

"பூனைக்கு நான் மணி கட்டமாட்டேன். நான் இன்னும் கொஞ்ச நாள் வாழணும்."

ஜூன் 16, ஞாயிறு

அத்தை கடைக்கு வந்தாள், கோட்டு எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க. என்னைப் பார்க்காமல் மாமாவிடமே பேசினாள். மாமா எந்திரத்துக்குப் பின்னால் போய் எதையோ தேட ஆரம்பித்தார். கோழை.

நான் துண்டுக் கல்லை எடுத்து அவள் முன் வைத்தேன். திட்டு விழும், பதில் சொல்ல வேண்டும் என்று நான்கு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். நல்ல வாக்கியங்கள்.

அத்தை கல்லைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்தாள். முகத்தைப் பார்த்தாள். பிறகு கண் வலது பக்கம் போனது, அங்கேயே நின்றது.

"கைப்பிடில துணி சுத்தியிருக்கு."

"அழிச்சிடலாம் அத்தை, அது ஒண்ணும்—"

"அது என் ஃப்ரிட்ஜ்டி. பிடி ஒடைஞ்சு கைய கிழிக்குதுன்னு நான்தான் சுத்தினேன். என் பழைய தாவணி." மூக்கை உறிஞ்சினாள். "எப்பக் கேட்டாலும் நாளைக்கு ரெடிக்கா, நாளைக்கு ரெடிக்கா. அஞ்சு மாசம் ஏமாத்தினான். அப்புறம் எப்படிக் கேக்கிறது? பொணத்துகிட்டயா ஃப்ரிட்ஜக் கேக்கிறது? பட்டறைச் சாமானெல்லாம் காலி பண்ணப்ப எவன் தூக்கிட்டுப் போனானோ."

எந்திரத்தின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப கோட்டு?" என்று மாமா பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார்.

"கோட்டெல்லாம் அப்புறம்" என்றாள் அத்தை. அவள் முகம் அவ்வளவு சிவந்து நான் பார்த்ததில்லை. "மொதல்ல என் ஃப்ரிட்ஜ முடிக்கட்டும்."

என் நான்கு வாக்கியங்களும் வீண்.

ஜூன் 19, புதன்

பெரிய கல் பொறித்தாயிற்று. நான்தான் பொத்தானை அழுத்தினேன். துணி இருக்கிறது. டெஸ்டர் இருக்கிறது.

ஜூன் 23, ஞாயிறு

பட்டறை வாசலில் கல்லைப் பதித்தார்கள். அம்மா முந்தானையால் ஒருமுறை துடைத்தாள், சட்டையை மட்டும், கறை போகும் என்பதுபோல. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "நல்லா வந்திருக்கு. பின்னாடி என்ன, பீரோவா?" என்றார்.

"ஃப்ரிட்ஜ்" என்றாள் அத்தை. "என்னோடது. நாளைக்கு ரெடின்னு சொல்லியிருக்கான்."

அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நகர்ந்தார். அத்தை சிரிக்கவில்லை. நானும்தான்.

வீட்டுக்கு வந்ததும் மாமா மேசைக்கு மேலே தொங்கும் வயரைப் பார்த்துவிட்டு, ஒரு ஹோல்டரும் பல்பும் இருந்தால் இப்போதே மாட்டிவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்.

அத்தையுடைய ஃப்ரிட்ஜ் முடிந்த பிறகுதான் என் முறை.