‘தப்புங்க’ என்று நீங்கள் சொன்ன கணக்கு

எதிர்வீட்டுச் செல்வி இன்று காலை ஜவ்வாது மலைப் பலாப்பழம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். செய்தித்தாளை விரித்து, கத்தியில் எண்ணெய் தடவி, முதல் கீறல் போட்டதுமே வாசனை வீட்டை நிறைத்துவிட்டது. மேலே அரிய முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. காபி குடித்து டம்ளரைக் கீழே வைத்த மனுஷர், பேச்சு மூச்சில்லாமல் சாய்ந்தால் நான் எதை நம்புவது? எல்லோரும் அழச் சொல்கிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை, திகைப்புதான் இருக்கிறது.

உங்களால் நான் முதலில் திகைத்துப்போனதும் ஒரு பலாப்பழத்தின் முன்னால்தான். எழுபதுகளின் கடைசி அது. அப்பாவுக்கு மலையில், புளி வாங்கும் சங்கத்தில் வேலை. நீங்களும் அத்தையும் உங்கள் மாமாவும் போளூரிலிருந்து பஸ் ஏறி என்னைப் பெண் பார்க்க வந்தீர்கள். கூடத்தில் பழத்தை அரிந்து வைத்திருந்தோம். பக்கத்தில் வெற்றிலைத் தட்டு. போகும்போது அதை எடுத்துக்கொண்டால் சம்மதம், தொடாமல் எழுந்தால் இல்லை. அது நம் பக்கத்து வழக்கம்.

“பொண்ணு பாட்டு பாடுமா?” என்று கேட்டார் மாமா.

“அதெல்லாம் வராதுங்க. ஆனா பி.எஸ்ஸி. கணக்குல ஃபஸ்ட் கிளாஸ்” என்றார் அப்பா, நெஞ்சு நிமிர்த்தி.

அதுவரை சுளையே கதியென்று இருந்த நீங்கள் தலை தூக்கினீர்கள். “நானும் கணக்குதாங்க. சைன் எக்ஸ் இன்ட்டு காஸ் எக்ஸ். இன்டெக்ரேட் பண்ணுங்க பாக்கலாம்.”

அட மனுஷா! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தை பதறிப்போய், “இன்னாடா இது, பொண்ணு பாக்க வந்தியா, பரீச்ச வெக்க வந்தியா?” என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பழத்துக்கு விரித்த செய்தித்தாளின் ஓரத்திலேயே எழுதினேன். பிரதியிடும் முறைதான். ஒரு துண்டுக்கு யு என்று பெயர் மாற்றிக் கணக்கை முடித்து, கடைசியில் யு இருந்த இடத்தில் பழையதையே திரும்ப வைப்பது. நான் காஸ் எக்ஸை யு என்று எடுத்தேன். விடை, மைனஸ் காஸ் ஸ்கொயர் எக்ஸ் பை டூ, பிளஸ் சி.

நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள். “தப்புங்க. சைன் ஸ்கொயர் எக்ஸ் பை டூ வரணும். மைனஸே வராது.”

மாமாவுக்கு அது போதும். “இன்னாங்க, ஃபஸ்ட் கிளாஸ்னு பொய் சொல்லிப் பொண்ணத் தள்ளி வுடப் பாக்குறீங்களா?” என்று எழுந்தார். வெற்றிலைத் தட்டை யாரும் தொடவில்லை. பஸ் ஏறிப் போய்விட்டீர்கள். அப்பா பொய் சொல்லிப் பெண் கொடுக்கப் பார்த்தார் என்று கீழே ஊர்ஊராகப் பரவப்போகிறது. பிறகு எவன் படியேறி வருவான்? அப்பா சோற்றில் கை வைக்கவில்லை. “நெஜமாவே தப்பாம்மா?” என்று மட்டும் கேட்டார். உங்களைக் கடித்துக் குதறலாம்போல இருந்தது.

அதே தாளில் என் விடையை வகையிட்டுப் பார்த்தேன். வகையிட்டால் கேள்வி திரும்ப வரவேண்டும். வந்தது! உங்கள் விடையையும் வகையிட்டேன். அதுவும் அதே கேள்வியில் வந்து நின்றது. ஒரே கேள்விக்கு இரண்டு விடையா? பிறகுதான் உறைத்தது. சைன் ஸ்கொயரும் காஸ் ஸ்கொயரும் சேர்ந்தால் ஒன்று. நம் இரண்டு விடைக்கும் நடுவே இருந்தது வெறும் அரைதான். அந்த அரை, கடைசியில் கடனே என்று போடுவோமே பிளஸ் சி, எந்த எண்ணாகவும் இருக்கக்கூடிய மாறிலி, அதற்குள் அடங்கிவிடும்.

அப்பாவுக்கு இதை எப்படிப் புரியவைப்பது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, விளக்கு வைக்கும் நேரத்தில், வாசலில் நீங்கள். வேர்த்து விறுவிறுத்து, அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. பாதி மலை இறங்கியதும் உங்களுக்கும் உறைத்ததாம். பஸ்ஸை நிறுத்தி, அத்தை கத்தக் கத்த இறங்கி, ஏற்றத்தில் நடந்தே வந்திருக்கிறீர்கள்.

“ரெண்டும் சரிதாங்க. தப்புன்னு சொன்னதுதான் தப்பு. அந்த வெத்தலத் தட்டு இன்னும் இருக்குதுங்களா?”

மாப்பிள்ளை தனியாக வந்து தட்டுக் கேட்டதை அந்த மலையில் அதற்கு முன் யார் கண்டது? நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அதன் பிறகு அந்தத் ‘தப்புங்க’ நம் வீட்டுப் பேச்சாகிவிட்டது. ரசம் அருமையாக இருந்தாலும் “தப்புங்க”, புதுப் புடவை கட்டினாலும் “தப்புங்க”. நானும் முறைத்தபடியே சிரிப்பேன்.

இன்று பழத்தை அப்படியே விட்டுவிட்டு, செய்தித்தாள் ஓரத்தில் அந்தக் கணக்கைப் போட்டேன். அதே காஸ் எக்ஸ், அதே யு. மைனஸ் வந்தது. பிளஸ் சி-யும் மறக்காமல் போட்டேன். போட்டுவிட்டு, என்னவோ நினைப்பில், வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். விடை சரிதான், எனக்குத் தெரியும். தப்புங்க என்று நீங்கள் ஒரு தரம் சொல்லிவிட்டுப் போனால் என்ன?