உரத் தொட்டிக்கு ஒட்டிய நோட்டீஸை ஒட்டியவரே கிழிக்க வேண்டும்

அனுப்புநர்:
அச்சகக்காரரின் தாயார்,
மூன்றாம் மாடி, பின்பக்க வீடு,
தண்ணீர்த் தொட்டிச் சந்து.

பெறுநர்:
உயர்திரு சுகாதார அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: மொட்டை மாடியில் உள்ள என் உரத் தொட்டியை வரும் திங்கட்கிழமை அள்ளிச் செல்ல இருப்பதை நிறுத்தக் கோருதலும், நாற்றத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று தெரிவித்தலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இதை நானே எழுதுகிறேன். பேத்தி எழுத்துப் பிழை மட்டும் பார்த்தாள். கோபத்தையும் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள். அதை நான் கேட்கவில்லை.

2. போன மழைக்காலத்தில் தங்கள் அலுவலகத்தார் எங்கள் கட்டட வாசலில் கூட்டம் போட்டு, வீட்டுக் குப்பையை வீட்டிலேயே உரமாக்குவது குடிமக்களின் கடமை என்று பேசினார்கள். பன்னிரண்டு வீட்டில் பதினொரு வீடு கை தட்டியது. நான் தட்டவில்லை. மறுநாள் காலை பழைய டிரம்மில் ஓட்டை போட்டு வேலையை ஆரம்பித்தவள் நான் ஒருத்திதான்.

3. காய்கறித் தோல் ஒரு பிடி, அதன் மேல் காய்ந்த இலை இரண்டு பிடி, அதன் மேல் கொஞ்சம் மண். மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறுவேன். சமைத்தது, எலும்பு, பால் எதுவும் உள்ளே போகாது. ஆறு மாதம் ஒரு ஈகூட எட்டிப் பார்க்கவில்லை. தொட்டிக்குப் பக்கத்திலேயே துணி காயப்போடும் இரண்டாம் மாடி ஆசிரியை ஒருநாளும் மூக்கைச் சுளிக்கவில்லை. அவர் சாதாரணமாக என்னைப் பார்த்தாலே சுளிப்பவர்.

4. முதல் மாடியில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் இருக்கிறார். நாட்டுப்பற்று மிக்கவர். நம் நாட்டுச் சரக்குக்கு இன்னொரு நாடு வரியை ஏற்றிவிட்டது என்று நான்கு மாதத்துக்கு முன் செய்தி வந்ததும், படிக்கட்டில் நின்றுகொண்டு, "அவன் சரக்கு ஒண்ணுகூட இந்தக் கட்டடத்துக்குள்ள வரக் கூடாது" என்று பன்னிரண்டு வீட்டிலும் கையெழுத்து வாங்கினார். கீழே மளிகைக் கடை வைத்திருப்பவர் அந்த நாட்டு பிஸ்கட்டை அலமாரியிலிருந்து இறக்கும்வரை கடை வாசலை விட்டு நகரவில்லை. "நான் என்னண்ணே, அந்த ஊரு மந்திரியா?" என்று கடைக்காரர் கேட்டார். வரிச் சண்டை போடுகிறவர்கள் எங்கேயோ குளிர்ந்த அறையில் இருக்கிறார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டது பிஸ்கட் விற்றவர். கப்பலில் வரும் உரம் விலை ஏறிவிட்டது என்றும் செயலாளர் அடிக்கடி கவலைப்படுவார், வாழைப்பழத் தோலைப் படிக்கட்டு மூலையில் வீசிக்கொண்டே.

5. இந்த மாதம் முதல் தேதியிலிருந்து, பிரிக்காத குப்பையை வண்டி எடுக்காது என்று தாங்கள் உத்தரவு போட்டீர்கள். நல்ல உத்தரவு, மறுக்கவில்லை. வண்டியோடு வரும் அம்மாள் செயலாளர் வீட்டுப் பையை மூன்று நாள் திருப்பிக் கொடுத்தார். "பிரிச்சுக் குடுங்க சார், இல்லேன்னா நீங்களே பத்திரமா வெச்சுக்கங்க" என்று அவர் சொன்னதை நான் மாடியிலிருந்து என் காதால் கேட்டேன். நான்காம் நாள் என் தொட்டி நாறத் தொடங்கியது.

6. முதலில் என் கைப்பிசகு என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் இலையை அள்ளி அள்ளிப் போட்டேன். பிறகு மூடிக்குக் குறுக்கே ஒரு தையல் நூலைக் கட்டினேன். காலையில் அது அறுந்து கிடந்தது. கிளறிப் பார்த்தால் மீன் தலை, மிச்சச் சோறு, திரிந்த பால், ஒரு பேட்டரி, பளபளவென்று மூன்று பிஸ்கட் உறை. பேத்தி உறையைக் கழுவிப் படித்தாள். வரி போட்ட அதே நாடு.

7. அடுத்த நாள் விடிந்ததும் மாடியில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். செயலாளர் பையோடு வந்தார். அவர் வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தது என் தவறு. "பெரியம்மா, இது மக்க வைக்கிற டிரம்முதானே? எதைப் போட்டாலும் மக்கிடும்ல?" என்றார். பேட்டரியுமா தம்பி என்று கேட்டேன். "கொஞ்சம் நாளாகும்" என்றார். ஐயா, எங்கள் சங்கத்தில் சுற்றுச்சூழல் குழுவுக்கும் இவரே தலைவர். பிஸ்கட் உறையைக் காட்டினேன். "அது கையெழுத்துக்கு முன்னாடி வாங்குனது" என்றார். உறையில் அச்சடித்த தயாரிப்புத் தேதி, கையெழுத்துக்கு ஐந்து வாரம் பிந்தியது.

8. பணக்கார நாடுகள் தங்கள் குப்பையைக் கப்பலேற்றி இல்லாத நாடுகளின் தலையில் கட்டுவதாகச் செய்தியில் சொல்கிறார்கள். கப்பலுக்காவது ஒரு ரசீது உண்டு, நீங்கள் மாடியேற்றும் சரக்குக்கு அதுவும் இல்லையே என்று ஆசிரியை இருக்கும்போதே செயலாளரிடம் கேட்டேன். ஆசிரியை சிரித்துவிட்டார். மூன்றாம் நாள் என் மீது புகார் வந்தது.

9. விசாரிக்க வந்த தங்கள் ஆய்வாளர் செயலாளர் வீட்டு நாற்காலியில் அமர்ந்து, காபி குடித்து, அங்கேயே நோட்டீஸை எழுதி முடித்தார். முட்டி வலியாம், மாடிக்கு வர முடியவில்லையாம். எனக்கு எழுபத்து நான்கு வயது, தினமும் இரண்டு தடவை ஏறுகிறேன். நோட்டீஸ் ஒட்ட மட்டும் மூன்றாம் மாடிவரை முட்டி ஒத்துழைத்திருக்கிறது. "பொதுச் சுகாதாரத்துக்குக் கேடு விளைவிப்பவர்" என்று எங்கள் கதவில் ஒட்டியிருக்கிறது. மகனைத் தேடி அச்சக வேலையாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் மணியடிக்கிறார்கள். மருமகள், "விட்டுத் தொலைங்க அத்தை, மானம் போகுது" என்கிறாள். விட்டால் அந்த எழுத்து உண்மையாகிவிடும். அதனால் விட மாட்டேன்.

10. பதினேழு ஆண்டுகளுக்கு முன் இதே செயலாளர் எங்கள் ஏணியை வாங்கிப் போய் ஒரு படி குறைவாகத் திருப்பித் தந்ததை இந்த மனுவில் நான் சேர்க்கவில்லை. அது வேறு விஷயம்.

11. அழுகியதை எல்லாம் என் கையால் பொறுக்கி எடுத்துவிட்டேன். தொட்டிக்கு இப்போது பூட்டு போட்டிருக்கிறேன். நாற்றம் நின்று ஒரு வாரமாகிறது. அடியில் இருக்கும் ஆறு மாத உரம் சலிக்கும் பதத்துக்கு வந்துவிட்டது. செயலாளரின் மனைவிகூடத் தன் ரோஜாவுக்கு ஒரு கூடை கேட்டு வைத்திருக்கிறார். கொடுப்பேன். அந்தப் பெண் மேல் எனக்குப் பகை இல்லை. அவருக்கு வாய்த்தது அப்படி.

ஆகவே, திங்கட்கிழமைக்கு முன் தாங்களே நேரில் வந்து, மாடியேறி, மூடியைத் திறந்து பார்க்க வேண்டுகிறேன். நாற்றம் இருந்தால் டிரம்மை நானே உருட்டிக் கீழே கொண்டு வந்து பன்னிரண்டு வீட்டிலும் மன்னிப்புக் கேட்கிறேன். இல்லையென்றால், எல்லோரும் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆய்வாளர் வந்து நோட்டீஸைத் தன் கையாலேயே சுரண்டி எடுக்க வேண்டும். ஊற வைக்கத் தண்ணீர் நான் தருகிறேன். காபி தருவதற்கில்லை.

தாங்கள் வரும் நாளை எதிர்நோக்கும்,
அச்சகக்காரரின் தாயார்
(கையொப்பம்)

இடம்: மேற்படி வீடு
நாள்: 19ஆம் தேதி, புதன்கிழமை

இணைப்பு:
அ. நோட்டீஸ் நகல்.
ஆ. கழுவிய பிஸ்கட் உறைகள், மூன்று.
இ. பொட்டலம் ஒன்று. தொட்டியின் அடியிலிருந்து எடுத்த உரம், ஒரு கைப்பிடி. முகர்ந்து பார்த்த பிறகு தங்கள் முடிவை எழுதவும்.